கூரை பெயர்ந்து விழுகிறது, வீட்டுக்காரர் அசையவில்லை: வாடகைக்கு இருப்பவர் என்ன செய்யலாம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. பழைய அடுக்குமாடி ஒன்றின் மேல்தளத்தில் வாடகைக்கு இருக்கிறீர்கள். படுக்கையறைக் கூரையிலிருந்து ஒரு பகுதி பெயர்ந்து விழுந்து கம்பி தெரிகிறது. குளியலறைக் குழாயைத் தொட்டால் சில நேரம் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. இது போக, சுவரில் ஓதம், உடைந்த ஜன்னல் தாழ்ப்பாள், எரியாத மாடிப்படி விளக்கு. பல மாதமாகச் சொல்லியும் வீட்டுக்காரர் “பார்க்கலாம், ஆள் அனுப்புகிறேன்” என்பதோடு சரி. வாடகையை நிறுத்தினால் வழிக்கு வருவாரா என்று கேட்கிறீர்கள்.

வாடகையை நிறுத்த வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்பு இன்றைக்கே செய்ய வேண்டியது இரண்டு இருக்கிறது. அந்தக் கூரைக்குக் கீழே யாரும் படுக்கக் கூடாது. கட்டிலை வேறு அறைக்கு மாற்றிவிட்டு, முடிந்தால் அந்த அறையையே பூட்டிவிடுங்கள். இரண்டாவது, குளியலறை. ஹீட்டர் இருந்தால் அதன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, அந்த லைனுக்கான எம்சிபியையே, அதாவது மின்பலகையில் இருக்கும், மின்சாரம் அளவு மீறினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சையே, இறக்கிவிடுங்கள். அப்புறம் “இப்போது அடிக்கிறதா பார்ப்போம்” என்று யாரும் தொட்டுப் பார்க்க வேண்டாம். கசிவு உங்கள் வீட்டு ஹீட்டரிலிருந்து வரலாம், தண்ணீர் மோட்டாரிலிருந்து வரலாம், இரும்புக் குழாய் வழியாகப் பக்கத்து வீட்டிலிருந்துகூட வரலாம். எலக்ட்ரீசியன் மீட்டர் வைத்துப் பார்க்கும்வரை அந்தக் குழாய் பக்கம் போகாதீர்கள். அந்தச் செலவை வீட்டுக்காரர் தருவாரா என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

நான் பழைய கட்டடங்களைச் சோதித்துப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். வாடகைக்கு இருப்பவர்களின் புகார்களில் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்று உண்டு. உயிருக்கு ஆபத்தானதும் வெறும் தொந்தரவானதும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருக்கும். “கூரை விழுது, தாழ்ப்பாள் உடைஞ்சிருக்கு, பெயிண்ட் அடிக்கணும், ஷாக் அடிக்குது” என்று சேர்த்துச் சொன்னால் கேட்பவர் காதில் அது ஒட்டுமொத்தமாக ‘வீட்டு வேலை’ என்றுதான் விழும். வீட்டு வேலையை யாரும் தள்ளிப்போடுவார்கள். உங்கள் பட்டியலை இன்றைக்கே இரண்டாகப் பிரியுங்கள். கூரையும் மின்கசிவும் தனி. மாடிப்படி இருட்டாக இருந்தால் அதையும் அவற்றோடு சேர்க்கலாம், ஏனென்றால் தீ விபத்தில் எல்லோரும் இறங்க வேண்டிய வழி அது. தாழ்ப்பாளும் பெயிண்டும் வேறு கடிதத்தில், வேறு நாளில்.

கூரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதைப் புரிந்துகொண்டால்தான் வீட்டுக்காரர் அனுப்பும் ஆள் செய்வது பழுதுபார்ப்பா, மூடி மறைப்பதா என்று உங்களுக்குத் தெரியும். நல்ல கான்கிரீட்டுக்குக் காரத்தன்மை அதிகம், பிஎச் அளவு 12-க்கு மேல் இருக்கும். அந்தக் காரம்தான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. வருடக்கணக்கில் காற்றிலிருக்கும் கரியமில வாயு உள்ளே இறங்க இறங்கக் காரம் குறைகிறது. மேலே தளம் ஒழுகி ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கும். துரு என்பது இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும் பொருள், இரண்டு மடங்கில் தொடங்கி ஆறு மடங்குவரை. அது உள்ளிருந்து தள்ளுவதால் கம்பி போகும் வழியிலேயே நீளமாக விரிசல் வரும், பழுப்புக் கறை தெரியும், தட்டினால் பொள்ளென்று சத்தம் கேட்கும், கடைசியில் காரை பெயர்ந்து விழும். ஆக, விழுந்த அன்றைக்குத் தொடங்கிய பிரச்சினை இல்லை இது. பக்கத்தில் இன்னும் விழாமல் இருக்கும் பகுதிக்குள்ளும் அதே துரு ஓடிக்கொண்டிருக்கலாம்.

இந்த நிலையில் ஒரு கொத்தனார் வந்து ஓட்டையில் சிமெண்ட் கலவையை அப்பி, வெள்ளை அடித்துவிட்டுப் போனால் கூரை பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஆபத்து முன்பைவிடக் கூடும். துரு நிற்கவில்லை, கம்பி இளைத்துக்கொண்டே போகிறது, எச்சரிக்கை மட்டும் மறைந்துவிட்டது. முறையான வேலை இப்படி நடக்கும்: முதலில் மேலே ஒழுகலை அடைப்பார்கள். தேவைப்பட்டால் கூரைக்கு முட்டுக் கொடுப்பார்கள். தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்பக்கம்வரை கொத்தி எடுப்பார்கள். கம்பியை உலோகம் தெரியும்வரை தேய்த்து, இளைத்துப் போயிருந்தால் புதுக் கம்பி சேர்த்து, துருத்தடுப்புப் பூச்சு பூசி, பழுதுக்கென்றே உள்ள கலவையால் நிரப்புவார்கள். வருகிறவரிடம் “கம்பியை என்ன செய்யப் போறீங்க? மேலே ஒழுகலை யார் பார்ப்பாங்க?” என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பதில் இல்லாவிட்டால், அப்படியே பூசுவதாக இருக்கிறார் என்று வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

ஷாக் விஷயம் இன்னும் அவசரமானது. எம்சிபி இருக்கிறதே, பாதுகாப்புத்தானே என்று பலர் நினைக்கிறார்கள். எம்சிபி வயரைத்தான் காப்பாற்றும், ஆளை இல்லை. 16 ஆம்பியர் எம்சிபி அந்த அளவைத் தாண்டினால்தான் விழும். மனித உடலில் ஆபத்தான கசிவைத் தடுக்க வைக்கும் ஆர்சிசிபி 30 மில்லியாம்பியரிலேயே விழ வேண்டும். 16 ஆம்பியரில் அது ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஈரமான உடம்பில், ஈரத் தரையில் நிற்கும்போது மின்சாரம் இன்னும் எளிதாகப் பாயும். உங்கள் வீட்டில் எர்த் இணைப்பு அறுந்திருக்கிறது, ஆர்சிசிபி இல்லை அல்லது வேலை செய்யவில்லை என்றுதான் இந்த அறிகுறியைப் படிக்க வேண்டும். ஆர்சிசிபி இருந்தால் அதில் ‘டெஸ்ட்’ பட்டன் இருக்கும். அமுக்கினால் டக்கென்று விழ வேண்டும், விழாவிட்டால் அது இருந்தும் இல்லாதது போலத்தான். இன்னொன்று: எம்சிபி அடிக்கடி விழுகிறது என்று பெரிய ஆம்பியரில் மாற்றிவிட்டுப் போகும் ஆட்கள் இருக்கிறார்கள். அனுமதிக்காதீர்கள். வயர் சூடேறி சுவருக்குள்ளேயே தீப்பிடிக்கும் வழி அது. சூடான சுவிட்ச், கருகிய வாசனை, பலகையில் உஸ் என்ற சத்தம், இவற்றில் எது இருந்தாலும் மெயினை இறக்கிவிட்டு ஆளை அழையுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பழைய கட்டடம் என்பதால் பால்கனியையும் பாருங்கள். பால்கனி ஒரு பக்கம் மட்டும் பிடிப்புள்ள அமைப்பு. அதைத் தாங்கும் முக்கியக் கம்பிகள் மேல்பக்கம் இருக்கும். மேலே தண்ணீர் தேங்கி, சுவரோடு சேரும் இடத்தில் விரிசல் விட்டிருந்தால் கீழே நின்று பார்க்கிறவருக்கு எதுவும் தெரியாது. கட்டடம் புதியது என்பதும் உத்தரவாதம் இல்லை. அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 2015 ஜூன் 16 அன்று ஒரு பால்கனி இடிந்து 6 இளைஞர்கள் இறந்தார்கள். கட்டிப் பத்து வருடம்கூட ஆகாத கட்டடம் அது. மர உத்தரங்களுக்குள் தண்ணீர் புகுந்து உளுத்துப் போயிருந்தது. அங்கே மரம், உங்களுக்குக் கம்பி. இரண்டையும் தின்பது ஈரம்தான்.

சுவர் விரிசல்களில் எல்லாமே பயப்பட வேண்டியவை இல்லை. பூச்சில் மயிரிழை போல ஓடுபவை பெரும்பாலும் பூச்சு காய்ந்ததால் வருபவை. கதவு, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்புவது, 5 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றது, தூணிலோ உத்தரத்திலோ வந்தது, இவற்றைப் பொறியாளர் பார்க்க வேண்டும். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நீள்கிறதா, அகலமாகிறதா என்பதுதான் முக்கியம். நேற்றுவரை சரியாக மூடிய கதவு இன்று இடிக்கிறது என்றால் அதைத் தச்சர் வேலை என்று விட்டுவிடாதீர்கள். பிரான்சின் மார்செய் நகரில் தோபாஞ் தெருவில் 2018 நவம்பர் 5 அன்று இரண்டு பழைய கட்டடங்கள் இடிந்து 8 பேர் இறந்தார்கள். விரிசல் பெரிதாகிறது, கதவு மூட முடியவில்லை என்று குடியிருந்தவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அக்டோபர் 18 அன்று அவர்களை வெளியேற்றிவிட்டு அன்றைக்கே பெரும்பாலானோரைத் திரும்ப அனுமதித்தார்கள். அதிலிருந்து பதினெட்டாவது நாள் கட்டடம் விழுந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. அவர்கள் தேவையான எல்லாவற்றையும் பார்த்திருந்தார்கள், சொல்லியும் இருந்தார்கள்.

ஆகவே இவற்றில் எது நடந்தாலும் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள்: கட்டடத்தில் வெடிக்கும் சத்தம், கூரையிலிருந்து மணல் போல உதிர்தல், தூணில் கான்கிரீட் புடைத்து வெடித்தல், ஒரே இரவில் வந்த புதிய அகன்ற விரிசல், பல கதவுகள் ஒரே நேரத்தில் சிக்கிக்கொள்வது. லிஃப்ட் வேண்டாம், படிதான். வெளியே வந்த பிறகு தீயணைப்புத் துறைக்கு போன் செய்யுங்கள்.

ஓதத்தைத் தொந்தரவுப் பட்டியலில் வைத்திருப்பீர்கள். சுவரில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தால், வீட்டில் குழந்தையோ மூச்சுத்தொல்லை உள்ளவரோ இருந்தால் அதை மேலே ஏற்றுங்கள். இங்கிலாந்தின் ராச்டேலில் 2020 டிசம்பரில் 2 வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. வீட்டுப் பூஞ்சையை நீண்ட காலம் சுவாசித்ததே காரணம் என்று 2022-இல் விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். அந்தக் குழந்தையின் தந்தை பல முறை புகார் செய்திருந்தார், பழியோ அந்தக் குடும்பம் வாழும் முறையின் மேல் போடப்பட்டது. அதன் பிறகு அந்தக் குழந்தையின் பெயராலேயே அங்கே சட்டம் வந்தது. 2025 அக்டோபர் 27 முதல், குறைந்த வாடகைக்கு விடப்படும் சமூகக் குடியிருப்புகளை நடத்துபவர்கள் அவசர ஆபத்தை 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும், கடுமையான ஓதம், பூஞ்சை பற்றிய புகாரை 10 வேலை நாட்களுக்குள் ஆராய வேண்டும். இது உங்களுக்குப் பொருந்தும் சட்டமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் நியாயமான கெடு எது என்று வீட்டுக்காரரிடம் பேச இது ஒரு நல்ல அளவு. “ஜன்னலைத் திறந்து வைக்கலை, அதான் பூஞ்சை” என்று உங்களிடமும் சொல்லப்படலாம். ஜன்னலைத் திறப்பது நல்லதுதான். ஆனால் கூரை ஒழுகலையும் உடைந்த குழாயையும் ஜன்னல் சரிசெய்யாது.

இனி எழுதுவது. போனில் சொன்னது எதுவும் நிற்காது. எழுதியது நிற்கும், ஏனென்றால் வீட்டுக்காரருக்கு எந்த நாளிலிருந்து ஆபத்து தெரியும் என்பதை அது உறுதிசெய்கிறது. நாளைக்கு ஏதாவது நடந்தால் “எனக்குத் தெரியாது” என்று சொல்ல வழியில்லாமல் போகும். பொறுப்பில்லாத வீட்டுக்காரர்கள்கூட இந்த ஒரு விஷயத்துக்கு அசைவதைப் பார்த்திருக்கிறேன். கோபம் வேண்டாம், பழைய கதை வேண்டாம். இந்த மாதிரி இருந்தால் போதும்:

“இந்த மாதம் இந்தத் தேதியில் படுக்கையறைக் கூரையின் ஜன்னல் ஓரம் சுமார் ஒரு அடி அளவுக்குக் கான்கிரீட் பெயர்ந்து விழுந்தது. துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. குளியலறைக் குழாயில் மின்கசிவு இருக்கிறது. படங்களை இணைத்திருக்கிறோம். இரண்டும் உயிருக்கு ஆபத்தானவை. அந்த அறையையும் குளியலறையையும் இப்போது பயன்படுத்தவில்லை. மின்கசிவை 24 மணி நேரத்துக்குள் தகுதியுள்ள எலக்ட்ரீசியனும், கூரையை 7 நாட்களுக்குள் கட்டடப் பொறியாளரும் வந்து பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். எந்த நேரமானாலும் வீட்டைத் திறந்துகாட்டத் தயாராக இருக்கிறோம். இது நடக்காவிட்டால் உள்ளாட்சியின் கட்டடப் பிரிவுக்கும் மின் விநியோக அலுவலகத்துக்கும் தெரிவிப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை.”

இதில் ‘வீட்டைத் திறந்துகாட்டத் தயார்’ என்ற வரியை விட்டுவிடாதீர்கள். ஆள் அனுப்பினேன், கதவைத் திறக்கவில்லை என்பதுதான் பின்னால் வரும் முதல் சாக்கு. வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள், கையெழுத்து வாங்கித் தரும் தபாலிலும் அனுப்புங்கள். அவர் போனில் கூப்பிட்டுப் பேசினால், வைத்த உடனே “சனிக்கிழமை ஆள் அனுப்புவதாகச் சொன்னீர்கள், காத்திருக்கிறோம்” என்று ஒரு செய்தி போடுங்கள். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஸ்கேல் வைத்து, ஒரே இடத்தில் நின்று, சில நாள் இடைவெளியில் திரும்பவும் எடுங்கள். மழையில் ஒழுகுவதை வீடியோவாக எடுங்கள்.

சரி, வாடகை. உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் வாடகை பாக்கி என்பது கிட்டத்தட்ட எல்லா ஊர்ச் சட்டத்திலும் குடியிருப்பவரை வெளியேற்றப் போதுமான காரணம். நீங்கள் நிறுத்திய நொடியில் வழக்கு தலைகீழாகிவிடும்: கூரையைச் சரிசெய்யாத வீட்டுக்காரர் என்ற பேச்சு போய், வாடகை தராத குடித்தனக்காரர் என்றாகிவிடும். சில நாடுகளில் வாடகையை நீதிமன்றத்திலோ அதற்கான அதிகாரியிடமோ கட்ட வழி உண்டு. சில இடங்களில் முறையாக அறிவிப்புக் கொடுத்து, நாமே பழுதுபார்த்து, வாடகையில் கழித்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் நிபந்தனைகள் கறாராக இருக்கும். உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடமோ இலவசச் சட்ட உதவி மையத்திலோ கேட்ட பிறகுதான் அதில் இறங்க வேண்டும். அதுவரை வாடகையை நாள் தவறாமல், கணக்கில் தெரியும்படி செலுத்துங்கள். ரொக்கமாகத் தந்தால் ரசீது இல்லாமல் தராதீர்கள்.

எல்லா வீட்டுக்காரரும் ஒரே மாதிரி இல்லை, அதைப் பார்த்துத்தான் பேச்சும் இருக்க வேண்டும். வாடகையை நம்பியே வாழும் வயதானவர் ஒருவராக இருந்தால் உண்மையிலேயே கையில் பணம் இருக்காது. அவரிடம் சிறிய வேலைகளை நீங்கள் செய்து மாதாமாதம் கழித்துக்கொள்வதாக எழுதி ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். உடன்பிறந்தவர்கள் நான்கைந்து பேருக்குச் சேர்ந்த சொத்தாக இருந்தால் யாரும் முதலில் பணம் எடுக்க மாட்டார்கள். வாடகை வாங்குகிறவரோடு மற்றவர்களுக்கும் கடிதத்தின் நகல் போகட்டும். மூன்றாவது வகைதான் கடினம்: கட்டடம் எப்படியும் இடிபடப் போகிறது, மனைக்குத்தான் விலை, அதுவரை வருகிற வாடகை வரட்டும் என்று இருப்பவர். அவரிடம் கெஞ்சிப் பயனில்லை, கெடு முடிந்த மறுநாளே வெளியில் புகார் கொடுத்துவிடுங்கள். பணமில்லை என்பதைக் கேட்டு இரக்கப்படுங்கள், பெயிண்டுக்கும் தாழ்ப்பாளுக்கும் விட்டுக்கொடுங்கள். கூரைக்கும் மின்சாரத்துக்கும் மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வெளியில் என்றால் எங்கே? கட்டடத்தின் உறுதிக்கு உள்ளாட்சியின் கட்டடப் பிரிவு, மின்கசிவுக்கு மின் விநியோக நிறுவனம், பூட்டிய அவசர வழிக்கும் அடைபட்ட படிக்கும் தீயணைப்புத் துறை. ஒவ்வொன்றிலும் புகார் எண் வாங்குங்கள். முடிந்தால் ஒரு கட்டமைப்புப் பொறியாளரின் பார்வைக் குறிப்பை நீங்களே பெற்று இணையுங்கள், அலுவலகத்தில் வெறும் புகாரைவிட அதற்கு மதிப்பு அதிகம். செலவைப் பக்கத்து வீடுகளோடு பங்கிட்டுக்கொள்ளலாம். உங்கள் கூரை ஒழுகுகிறது என்றால் அந்தத் தளத்தில் மற்ற வீடுகளிலும் ஒழுகும். ஐந்து வீட்டார் கையெழுத்துப் போட்ட கடிதத்தை ஒரு வீட்டாரின் முணுமுணுப்பு என்று ஒதுக்க முடியாது. இது உங்களைத் தனியாகக் குறிவைப்பதையும் தடுக்கும்.

அதிகாரி வந்து “கட்டடம் குடியிருக்கத் தகுதியில்லை” என்று சொல்லிவிட்டால் நாமே வெளியேற வேண்டிவருமே என்ற பயம் உங்களுக்கு இருக்கும். அது நடக்கக்கூடியதுதான், அதனால் புகாரோடு சேர்த்தே மாற்று வீடும் பார்க்கத் தொடங்குங்கள். புகார் செய்ததற்காகப் பழிவாங்கி வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் பல நாடுகளில் உண்டு. ஆனால் எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதவருக்கு அதைப் பயன்படுத்துவது சிரமம். ஒப்பந்தம், முன்பணம் கொடுத்ததற்கான சான்று, வாடகை ரசீதுகள் மூன்றையும் ஸ்கேன் செய்து வீட்டுக்கு வெளியே, மின்னஞ்சலிலோ உறவினரிடமோ வைத்துவிடுங்கள். காலிசெய்வது என்று முடிவானால் ஒப்பந்தத்தில் சொன்னபடி அறிவிப்புக் கொடுங்கள், காரணமாகக் கூரையையும் மின்கசிவையும் தேதியோடு எழுதுங்கள். காலிசெய்யும் நாளில் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து, மின் மீட்டர் அளவைக் குறித்து, சாவி வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். கூரை பெயர்ந்ததை நீங்கள் செய்த சேதம் என்று காட்டி முன்பணத்தில் கழிக்கப் பார்ப்பார்கள். அப்போது நீங்கள் இந்த வாரம் அனுப்பப்போகும் கடிதமும் படங்களும்தான் உங்கள் பக்கம் பேசும்.